ராம்கட் என்று ஓர் ஊர் இல்லை: ஷோலே எடுத்த ராமநகராவுக்கு ஒரு முழு வழிகாட்டி

"ஊர் எங்கடா?" என்றார் அப்பா.

ராமநகராவில் ராமதேவர பெட்டா என்ற மலையின் அடிவாரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கி நின்றிருந்தோம். முன்னால் பாறை, பின்னால் பாறை. நடுவில் புதர்க்காடு, வனத்துறை கேட், நாலைந்து குரங்குகள். படத்தில் பார்த்த தண்ணீர்த் தொட்டி இல்லை, மசூதி இல்லை, ஊர்ப் பெரியவர் டாகூரின் வீடு இல்லை. எழுபதுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர் அப்பா. ஷோலே என்ற இந்திப் படத்தைத் தியேட்டரில் மூன்று முறை பார்த்திருக்கிறார். இந்தி தெரியாது. ஆனால் அந்தப் படத்தின் வசனங்கள் மட்டுமே தனி இசைத்தட்டாக வந்த காலம் அது. டீக்கடையில் ஓடியதைக் கேட்டுக் கேட்டே கொள்ளையன் கப்பர் சிங் பேசுவதை அப்படியே பேசிக் காட்டுவார். அர்த்தம் கேட்டால் முறைப்பார். பட்டறையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான் இந்த மலை. அந்த வயதில் ஒருமுறைகூட வந்ததில்லை. அறுபத்தெட்டு வயதில் வந்து நின்று ஊரைத் தேடுகிறார்.

ஊர் கிடையாது. ராம்கட் என்று படத்தில் வரும் கிராமம் படத்துக்காகக் கட்டிய செட். கலை இயக்குநர் ராம் யேடேகர் இந்த அடிவாரத்தில் ஒரு முழுக் கிராமத்தையே எழுப்பினார். நெடுஞ்சாலையிலிருந்து செட் வரைக்கும் சாலை போட்டார்கள். படம் முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் வருகிறவர்கள் அப்பாவைப் போல ஐந்து நிமிடம் திகைத்து, இரண்டு செல்ஃபி எடுத்து, "ஒண்ணுமே இல்லப்பா" என்று திரும்பிவிடுகிறார்கள். தெரிந்து வந்தால் அரை நாள் போதாது. எதைத் தேட வேண்டும், எப்படித் தேட வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

முதலில்: எது இங்கே எடுத்தது, எது இல்லை

ரமேஷ் சிப்பி இயக்கிய ஷோலே 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. ராமநகராவில் படப்பிடிப்பு தொடங்கியது 1973 அக்டோபரில். முதல் நாள் எடுத்தது சண்டையும் இல்லை, குதிரையும் இல்லை. அமிதாப் பச்சன் பெட்டிச் சாவியை ஜெயா பாதுரியிடம் திருப்பிக் கொடுக்கும் அமைதியான காட்சி. அதற்கு நாலு மாதம் முன்புதான் அவர்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது.

கிராமத்துக் காட்சிகள், கொள்ளையர்களின் பாறைக் கோட்டை, அதைச் சுற்றிய குதிரைத் துரத்தல்கள் ஆகியவைதான் நீங்கள் இங்கே தேட வேண்டியவை. தொடக்கத்தில் வரும் ரயில் சண்டையைத் தேடாதீர்கள். அது மும்பைப் பக்கம் பன்வேல் அருகே எடுத்தது. சிறைக் காட்சிகள் மும்பையில் போட்ட செட். ராமநகரா ரயில் நிலையத்தில் இறங்கி, "இங்கதான் அந்தச் சண்டை" என்று பிளாட்பாரத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கோஷ்டியைப் பார்த்தேன். சொல்ல மனம் வரவில்லை.

ஊர்ப் பெயரையும் சொல்லிவிடுகிறேன், மேப்பில் குழப்பம் வரும். பிரிட்டிஷ்காரர் காலத்தில் இதன் பெயர் குளோஸ்பேட்டை. மைசூரில் ரெசிடென்டாக இருந்த பேரி குளோஸ் என்பவரின் பெயர். பிறகு ராமநகரம், ராமநகரா. 2025இல் மாவட்டத்தின் பெயரை மட்டும் பெங்களூர் தெற்கு என்று மாற்றிவிட்டார்கள். தலைநகரம் இந்த ஊரேதான். தங்கும் விடுதியின் முகவரியில் "பெங்களூர் தெற்கு" என்று பார்த்துவிட்டு, ஜெயநகர் பக்கம் ஏதோ என்று நினைத்துப் பதிவு செய்துவிடாதீர்கள்.

வீட்டுப்பாடம்: கிளம்புவதற்கு முந்தின வாரம்

இந்தப் பயணத்தின் பாதி வேலை வீட்டில்தான். படத்தை மறுபடி பாருங்கள், ஆனால் கதைக்காகப் பார்க்காதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். எனவே இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். ரிமோட் கையில் இருக்கட்டும். ஆளுக்குப் பின்னால் மலை தெரியும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துங்கள். வானத்தோடு பாறை சேரும் விளிம்பு, அதாவது முகட்டுக் கோடு, தெளிவாகத் தெரியும் பத்துப் பன்னிரண்டு காட்சிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் முகட்டுக் கோடு? வீடுகள் போய்விட்டன. மரம் செடிகள் ஐம்பது வருடத்தில் மாறிவிட்டன; படத்தில் மொட்டையாக இருக்கும் சரிவில் இன்று புதர் அடர்ந்திருக்கிறது. பாதைகளும் மாறியிருக்கின்றன. மாறாதது பாறையின் வெளிக்கோடு ஒன்றுதான். இந்தக் கருங்கல்லுக்குப் புவியியல் நூல்களில் இன்னமும் குளோஸ்பேட்டை கிரானைட் என்றுதான் பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஐம்பது வருடம் அதற்கு ஒரு கணக்கே இல்லை.

நல்ல ஸ்கிரீன்ஷாட் என்றால் என்ன? ஒரு பெரிய குமிழ்ப்பாறை, அதன் தோளில் சின்னதாக இன்னொன்று, பக்கத்தில் ஒரு பிளவு என்று ஏதாவது ஒரு விநோதம் இருக்க வேண்டும். வெறும் சரிவு மட்டும் தெரிந்தால் அதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஜெயா பாதுரி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகும் அந்தி நேரக் காட்சிகள் அழகு. ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சா பொழுது சாயும் சில நிமிட வெளிச்சத்துக்காகப் பல நாள் காத்திருந்து எடுத்தவை அவை. ஆனால் இடம் கண்டுபிடிக்க உதவாது, முழுக்கத் தாழ்வாரம்தான்.

ஒரு சின்னத் தொழில்நுட்பச் சமாசாரம். படத்தை 35 எம்.எம்.மில் எடுத்து 70 எம்.எம்.முக்குப் பெரிதாக்கினார்கள். அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டுப்பட்டது. அதனால் நீங்கள் பார்க்கும் பிரதியைப் பொறுத்துச் சில சட்டகங்களில் மலையுச்சி காணாமல் போயிருக்கும். இரண்டு பிரதி கிடைத்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள், எதில் வானம் அதிகமோ அது உங்களுக்கு. 2025இல் புதுப்பித்த பிரதி ஒன்று இத்தாலியின் போலோன்யா திரைவிழாவில் திரையிடப்பட்டது. அவசரநிலைக் காலத்தில் தணிக்கை மாற்றச் சொன்ன முடிவுக்குப் பதிலாக, முதலில் எடுத்த முடிவு அதில் இருக்கிறது. போலீஸ் வந்து தடுக்காது. டாகூரே ஆணி பதித்த செருப்பால் கப்பரின் கதையை முடிப்பார். அந்த உச்சக்கட்டம் பாறைகளுக்கு நடுவே நடப்பதால் தேடலுக்கும் அது உபயோகம்.

ஸ்கிரீன்ஷாட்டுகளைப் போனில் மட்டும் வைக்காமல், நாலைந்தைத் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். வெயிலில் போன் திரை கண்ணுக்குத் தெரியாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

எப்போது போவது

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. மார்ச்சுக்குப் பிறகு பாறை அடுப்பு. கொள்ளையர் கோட்டையில் ஹேமமாலினி வெறுங்காலுடன் ஆடும் நடனத்தைச் சுடுகிற வெயிலில் எடுத்தார்கள் என்று பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். ஏப்ரலில் ஒரு தடவை அந்தப் பாறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் நமது அம்மன்குடியில் பிறந்த அந்தப் பெண்மணி மேல் மரியாதை இரண்டு மடங்காகும். மழைக்காலத்தில் பாறை வழுக்கும், மேகம் முகட்டை மறைக்கும். தேடிப் போன கோடே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். பெங்களூர் முழுக்கப் பைக் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம்தான் வரும். செவ்வாய், புதன் உத்தமம்.

போய்ச் சேருவது

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில், தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு மைசூர் ரயில்கள் இருக்கின்றன. இரவில் கிளம்பும் காவேரி எக்ஸ்பிரஸ் இந்தப் பாதையில்தான் ஓடுகிறது. டிக்கெட் போடும்போது நீங்கள் பிடிக்கும் வண்டி ராமநகரத்தில் நிற்கிறதா என்று நிறுத்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். சதாப்தி, வந்தே பாரத் என்றால் பெங்களூரில் இறங்கி, மைசூர்ப் பக்கம் போகும் பாசஞ்சர் அல்லது மெமு பிடிப்பதுதான் சுலபம். மெமுவில் ஜன்னலோரம் உட்காருங்கள். பிடதி தாண்டியதும் குமிழ்குமிழாகப் பாறைகள் தலைகாட்ட ஆரம்பிக்கும். அப்பா அங்கேயே எழுந்து நின்றுவிட்டார்.

பஸ் என்றால் மைசூர் ரோடு சாட்டிலைட் பஸ் ஸ்டாண்ட். மெட்ரோவில் தீபாஞ்சலி நகர் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மைசூர் போகும் நான்‌-ஸ்டாப் வண்டிகள் 2023இல் திறந்த விரைவுச்சாலையில் ஏறிவிடும். அது ராமநகராவுக்கு வெளியே சுற்றிக்கொண்டு போகிறது. ஏறி உட்கார்ந்துவிட்டால் ஊர் தூரத்தில் கையசைத்துப் போய்விடும். பழைய நெடுஞ்சாலையில் ஊர் ஊராக நின்று போகும் வண்டியைக் கேட்டு ஏறுங்கள். கண்டக்டரிடம் "ராமநகரா ஒளகடெ ஹோகுத்தா?" என்று கேட்டால் போதும், உள்ளே போகுமா என்று அர்த்தம். கர்நாடகத்துப் பெண்களுக்கு இந்த பஸ்களில் இலவசம், கூட்டம் அதற்கேற்ப இருக்கும். நம் ஊர்ப் பெண்கள் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும்; ஆதார் கார்டில் தமிழ்நாட்டு முகவரியைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

ஓசூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ பைக்கில் வருகிறவர்கள் கவனிக்க: விரைவுச்சாலையின் நடுத்தடத்தில் இரு சக்கர வாகனங்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து தடை. சர்வீஸ் ரோட்டிலேயே வாருங்கள். அதுவே நல்லது, பிடதியில் நிறுத்தித் தட்டே இட்லி சாப்பிடலாம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒற்றை இட்லி, மேலே ஒரு வெண்ணெய்க் கட்டி. இரண்டு கேட்காதீர்கள், ஒன்றே போதும். இரண்டு கேட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்குள்ளிருந்து மலை சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடக்கலாம், ஆனால் தெம்பை மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ பேசும்போது போக மட்டும் பேசாதீர்கள். "ஹோகி பரோக்கெ எஷ்டு?" என்று போகவர, காத்திருப்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மேலே திரும்பிவர வண்டி கிடைக்காது. ஷோலே என்று சொன்னால் ஆட்டோக்காரர் நிச்சயம் கப்பர் குரலில் ஒரு வரி பேசுவார். அப்பாவும் பதிலுக்கு ஒரு வரி பேசினார். அவர் கன்னடர், இவர் தமிழர், இருவருக்கும் இந்தி வராது. மலைவரைக்கும் இந்தியிலேயே பேசிக்கொண்டு போனார்கள்.

மலையில்

இது சுற்றுலாப் பூங்காவாக இல்லாமல் காட்டுயிர்ச் சரணாலயமாக இருப்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நுழைவுச்சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். பகலில் மட்டும்தான் அனுமதி. ட்ரோன் கூடாது. பிளாஸ்டிக் கொண்டுபோகாதீர்கள். தின்பண்டத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தால் அது குரங்குக்குத்தான். இந்தக் காட்டில் கரடியும் சிறுத்தையும் இருக்கின்றன, ஆகவே விடியலுக்கு முன் வந்து "சூரியோதய ஷாட்" எடுக்கிறேன் என்று வேலி தாண்டுவது வீரம் ஆகாது.

கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் படிகள் தொடங்கும். சில நூறு படிகள். பாதி தூரம் செதுக்கிய படி, பாதி பாறையிலேயே வெட்டிய படி, சில இடத்தில் கம்பி பிடித்து ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் நின்று நின்று ஏறினால் சமாளிக்கலாம். அப்பா ஏறினார். நடுவில் பட்டாபிராமர் கோயில், பக்கத்தில் சுனை. வனவாசத்தில் ராமர் இங்கே தங்கினார் என்பது ஊர் நம்பிக்கை. மலைக்கும் ஊருக்கும் பெயர் வந்தது அப்படித்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயில் திண்ணையில் பத்து நிமிடம் உட்காருங்கள். காற்று சும்மா அடிக்காது.

கோயிலைத் தாண்டி மேலே இன்னும் ஏறினால் உச்சிப் பாறை. அங்கிருந்து அர்க்காவதிப் பள்ளத்தாக்கும், அடுக்கடுக்காக மற்ற மலைகளும் தெரியும். அர்க்காவதி பிறகு காவேரியில் கலக்கிறது, ஆக இங்கே பெய்கிற மழையில் ஒரு பங்கு மேட்டூருக்கு வந்து சேரும்.

தேடல் தொடங்கும் இடம்

இப்போது தாளை எடுங்கள்.

முதல் விதி: உச்சியிலிருந்து தேடாதீர்கள். படத்தின் பெரும்பாலான காட்சிகள் கீழிருந்து மேலே பார்த்து எடுத்தவை. கேமரா நின்றது அடிவாரத்தில். அதனால் ஏறி இறங்கிய பிறகு, கேட்டுக்கு வெளியே வந்து, வந்த சாலையிலேயே மெதுவாகத் திரும்பி நடக்க வேண்டும். ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று மலையைத் திரும்பிப் பாருங்கள்.

இரண்டாவது: ஒரு பாறையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். தனிப்பாறை ஏமாற்றும், இங்கே எல்லாமே குமிழ்தான். இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். படத்தில் முன்னே நிற்கும் குன்று பின்னே நிற்கும் குன்றை எவ்வளவு மறைக்கிறது? ஒரு பக்கம் நடந்தால் அந்த இடைவெளி விரியும், மறுபக்கம் போனால் மூடும். படத்தில் உள்ள அளவு வரும்வரை பக்கவாட்டில் நகருங்கள். அதுதான் கேமரா நின்ற கோடு.

மூன்றாவதுதான் கஷ்டம். கோடு கிடைத்தாலும் தூரம் கிடைக்காது. சினிமாவில் லென்ஸ் மலையை இழுத்துப் பக்கத்தில் வைத்திருக்கும். நம் போன் கேமரா அதைத் தள்ளிவைக்கும். முன்குன்றும் பின்குன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிது என்ற விகிதம் மட்டும் லென்ஸை மாற்றினாலும் மாறாது, நிற்கும் தூரத்தை மாற்றினால்தான் மாறும். எனவே விகிதம் பொருந்தும்வரை பின்வாங்குங்கள், பிறகு போனில் ஜூம் செய்து சட்டத்தை நிரப்புங்கள்.

நாங்கள் ஒன்றரை மணி நேரம் இதைச் செய்தோம். ஏழு தாளில் நாலு தோல்வி. இரண்டு, "இருக்கலாம்". ஒன்று அப்படியே விழுந்தது. அப்பாதான் பிடித்தார். தாளை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, லேத்தில் வேலைத்துண்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "ரெண்டடி இந்தப் பக்கம் வா." போனேன். "இன்னும் அரையடி. நில்லு." தாளின் மேல்விளிம்பில் இருந்த கோடும், அதற்கு மேலே நிஜ மலையின் கோடும் ஒட்டிக்கொண்டன. காலடியில் எருக்கஞ்செடியும் ஒரு காலி சிகரெட் பெட்டியும் கிடந்தன. அதே இடத்தில்தான் எப்போதோ ஒரு தெரு இருந்தது. பிறகு அப்பா ஊர் எங்கே என்று கேட்கவில்லை.

செட்டைச் சுற்றி வளர்ந்த பகுதிக்கு, இயக்குநர் பெயரில், சிப்பி நகர் என்று உள்ளூரில் ஒரு பெயர் வழங்கியது. வயதானவர்களிடம் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். படப்பிடிப்பில் வேலை பார்த்ததாகச் சொல்பவர்கள் இன்னமும் கிடைப்பார்கள். எல்லோரும் சொல்வது நிஜமாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. கூட்டக்காட்சியில் நின்றதாகச் சொல்கிறவர்களை எல்லாம் சேர்த்தால் அந்தக் கிராமத்துக்குள் அடங்காது. ஆனாலும் கேளுங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

ஆங்கில இயக்குநர் டேவிட் லீன், 1984இல் வெளியான தன் கடைசிப் படமான 'எ பாசேஜ் டு இந்தியா'வின் குகைக் காட்சிகளுக்கும் இந்தப் பாறைகளையும் அருகிலுள்ள சாவனதுர்காவையும்தான் தேடி வந்தார். அதன் ரசிகர்கள் தனி ரகம், நிறைய நடப்பார்கள்.

இப்போது இந்த மலை யாருடையது

கேட்டிலேயே பெயர்ப் பலகை சொல்லும்: ராமதேவர பெட்டா ரணஹத்து சரணாலயம். ரணஹத்து என்றால் நாம் பிணந்தின்னிக் கழுகு என்று சொல்லும் பறவை. அதற்கு அழகான பழந்தமிழ்ப் பெயர் இருக்கிறது, பாறு. 2012இல் இந்த மலையைச் சுற்றி சுமார் 346 ஹெக்டேரைப் பாறுகளுக்கென்றே ஒதுக்கினார்கள்; இந்தியாவில் பாறுகளுக்காக அறிவித்த முதல் சரணாலயம் இதுதான். கருங்கழுத்துப் பாறு செங்குத்துப் பாறை இடுக்குகளில்தான் கூடு வைக்கும். முகட்டுக் கோட்டைத் தேடி நாம் வந்தது போல, அவை பாறையின் நெஞ்சுப்பகுதியைத் தேடி வந்தவை. மஞ்சள்முகப் பாறும் தென்படும்.

படம் எடுத்த காலத்தில் இந்தியாவில் பாறு என்பது காக்கை மாதிரி. தொண்ணூறுகளில் தடாலென்று அழிந்தன. மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற மருந்துதான் காரணம். அந்த மருந்து உடம்பில் மிஞ்சியிருக்கும் மாடு செத்து, அதைப் பாறு தின்றால், அதன் சிறுநீரகம் கெட்டுச் சாகும். கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தார்கள். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. நம் பக்கம் முதுமலை, மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் தப்பியிருக்கின்றன. இங்கே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

பார்க்க வேண்டுமா? அதிகாலையில் அவசரப்படாதீர்கள். பாறு கனமான பறவை, இறக்கை அடித்துப் பறப்பது அதற்குச் செலவு. வெயிலில் பாறை சூடாகி, காற்று மேலெழத் தொடங்கிய பிறகுதான் அதில் ஏறிக்கொண்டு வட்டமிடும். காலை ஒன்பது மணிக்கு மேல், பதினொன்றுக்குள் வானத்தைப் பாருங்கள். பைனாகுலர் இருந்தால் பாறையில் வெள்ளையாக எச்சம் வழிந்த இடத்தைத் தேடுங்கள். அதற்கு மேலே உள்ள இடுக்குதான் வீடு. குளிர்காலம் கூடு வைக்கும் காலம். கூச்சல் போட்டால் பறவை கூட்டைவிட்டு எழும். இந்தப் பாறையைப் பார்த்ததும் தொண்டை கிழிய கப்பர் வசனம் பேச யாருக்கும் வாய் துறுதுறுக்கும். தயவுசெய்து அதை ஆட்டோவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அதே காரணத்துக்காகத்தான் படியை விட்டு விலகிப் பாறையேறவும் விடுவதில்லை.

ஷோலே பேரில் இங்கே ஒரு மெய்நிகர் கிராமம் அமைக்கலாம் என்று பேச்சு எழுந்தது, பறவை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். என் ஓட்டு பறவைக்கு.

ஊருக்குள்: பட்டுக்கூட்டுச் சந்தை

மலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஊரைப் பார்க்கவில்லை. ராமநகராவைக் கன்னடத்தில் ரேஷ்மெ நகரா என்பார்கள், பட்டு நகரம். அரசின் பட்டுக்கூட்டுச் சந்தை ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆசியாவிலேயே பெரியவற்றில் ஒன்று. ஏலம் பரபரப்பாக நடப்பது முற்பகலில். இரண்டு நாள் தங்குகிறீர்கள் என்றால் ஒரு காலை மலைக்கு, மறு காலை சந்தைக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே நாள் என்றால் காலையில் முதலில் சந்தையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் பாறு பறக்கும் நேரத்துக்கு மலைக்குப் போய்விடலாம்.

நீளமான கொட்டகைகளில் வரிசையாகத் தட்டுகள். ஒரு பக்கம் வெள்ளைக் கூடு, ஒரு பக்கம் மஞ்சள் கூடு. நூற்பாளர்கள் கையை உள்ளே விட்டு அள்ளி, காதோரம் குலுக்கி, நசுக்கிப் பார்த்து விலை சொல்வார்கள். ஒரு கூட்டிலிருந்து அரை கிலோமீட்டருக்கு மேல் இழை வரும். தருமபுரிக்காரர்களுக்கு இதெல்லாம் பழக்கம், அங்கேயும் சந்தை இருக்கிறது. காஞ்சிபுரத்துத் தறிகளுக்குப் போகும் பட்டு நூலில் பெரும்பங்கு கர்நாடகத்திலிருந்து வருவதுதான். வீட்டில் பீரோவில் இருக்கும் கல்யாணப் புடவையின் பிள்ளைப் பருவம் இந்தத் தட்டில் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். வாசனை பற்றி முன்னெச்சரிக்கை: பட்டுப்புழு நாற்றம் எல்லோருக்கும் ஒத்துவராது. கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரத்துக்குக் குறுக்கே நிற்காமல் ஓரமாக நின்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். படம் எடுக்கும் முன் மட்டும் கேளுங்கள்.

அடுத்தடுத்து

மைசூர்ப் பக்கம் பழைய சாலையில் சில நிமிடம் போனால் ஜானபத லோகா. எச்.எல். நாகேகவுடா உருவாக்கிய நாட்டார் கலை அருங்காட்சியகம். உழவுக் கருவி, பொம்மலாட்டப் பாவை, பழைய மரச் சாமான் என்று ஒரு மணி நேரம் போவது தெரியாது. வாசலிலேயே சாப்பாட்டுக் கடை இருக்கிறது, ராகிக் களி கிடைக்கும். கன்னடத்தில் முத்தெ. மென்று சாப்பிடக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும்.

இன்னும் தாண்டினால் சன்னபட்டணா. வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றிச் செய்யும் பொம்மைகள், புவிசார் குறியீடு பெற்றவை. சாலையோரக் கடையில் வாங்குவதைவிடத் தெருவுக்குள் போய்க் கடைசல் ஓடும் வீட்டில் வாங்குங்கள். அப்பா அங்கே பொம்மை எதுவும் வாங்கவில்லை. சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்த, சூட்டில் அது உருகி நிறமாக ஒட்டுவதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசல் போடுகிறவரிடம் உளியின் கோணத்தைப் பற்றி ஏதோ சொன்னார், தமிழில். அந்த ஆளும் தலையாட்டிக் கோணத்தை மாற்றிப் பார்த்தார்.

தங்க வேண்டுமானால் ஊருக்குள் சாதாரண லாட்ஜுகள் உண்டு, சுற்றிலும் கொஞ்சம் விலை கூடிய ரிசார்ட்டுகள். ஷோலே குழு பெங்களூரில் தங்கித்தான் தினமும் வந்து போனது. நீங்களும் அப்படிச் செய்யலாம். ஆனால் ஒரு அந்தி இங்கே இருக்க வேண்டும். சரணாலயம் மூடிய பிறகு பழைய சாலையோரம் ஏதாவது டீக்கடையில் உட்கார்ந்து மலையைப் பாருங்கள். சூரியன் விழுந்து, வானம் இன்னும் வெளுப்பாக இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் பாறையெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும், கோடு மட்டும் நிற்கும். தாளை அப்போது இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். பகலில் பொருந்தாத எங்கள் இரண்டாவது தாள் டீக்கடை பெஞ்சிலிருந்துதான் பொருந்தியது.